'ங்க' நின்று போகும் இடம்

"கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ் மாதிரி மரியாதையான தமிழ் எங்கயும் இல்லீங்க" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. மேடையில் சொல்கிறார்கள். சினிமாவில் சொல்கிறார்கள். மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்த சனங்கள்கூட ஒரு மாசத்தில் அதையே சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். ஏனுங்க, வாங்க, போங்க, உக்காருங்க, சாப்பிடுங்க. சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்களாம். இருக்கட்டும். அந்த 'ங்க' எதுவரைக்கும் வரும், எந்த இடத்தில் நின்று போகும் என்று எங்களைக் கேளுங்கள். துல்லியமாகச் சொல்வோம்.

நான் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு அருந்ததியர் வளவில் பிறந்தவள். அப்போது இது கோயமுத்தூர் மாவட்டம். 2009இல்தான் திருப்பூர் மாவட்டம் ஆனது. அப்பா தோட்டத்து வேலை, அண்ணன் தறி குடோன், நான் பத்தாவது முடித்ததும் பனியன் கம்பெனி. பிசிர் வெட்டினேன், கைமடித்தேன், பிறகு செக்கிங். துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கா, தையல் விட்டிருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா என்று பார்க்கிற வேலை. பார்த்துப் பார்த்து கண்ணுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. சனங்கள் பேசுகிற சொல்லையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

வசவுகளைப் பற்றி நான் இங்கே எழுத வரவில்லை. சாதிப் பேர் சொல்லித் திட்டினால் அதற்கு 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. போலீஸ் ஸ்டேசனில் அதைப் பதிவு செய்ய வைப்பதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும் என்பது வேறு கதை. ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நான் எழுத வந்தது திட்டாத சொற்களைப் பற்றி. சிரித்த முகத்தோடு, 'ங்க' போட்டு, அன்பாகச் சொல்லப்படுகிற சொற்களைப் பற்றி. அவற்றின் மேல் புகார் கொடுக்க முடியாது. கொடுக்கப் போனால் "இதுல என்னம்மா தப்பு இருக்குது?" என்பார்கள். தப்பு இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் 'சாமி'. கொங்குச் சீமையில் குழந்தையைக் கொஞ்சுகிற சொல் இது. "சோறுங்க வா சாமி", "அழுவாத சாமி" என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். எங்க அவ்வா பண்ணயம் பார்த்த தோட்டத்தில் ஒரு பேரப்பையன் இருந்தான். ஆறு வயசு இருக்கும். அவனுடைய ஆத்தா அவனை 'சாமி' என்று கூப்பிடும். எங்க அவ்வாவும் அவனை 'சாமி' என்றுதான் கூப்பிடும். ரெண்டும் ஒரே சொல்தான். ஆனால் அவன் எங்க அவ்வாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். "ஏ, இங்க வா. அந்த மாட்ட அவுத்துக் கட்டு" என்பான். எழுபது வயசுக் கெழவி "செரீங்க சாமி" என்று ஓடும். அவனுடைய ஆத்தா சொன்ன சாமி பாசம். எங்க அவ்வா சொன்ன சாமி பண்ணயம். அகராதியில் தேடினால் இந்த வித்தியாசம் கிடைக்காது. வாசலுக்கு வெளியே நின்று கேட்டால் கிடைக்கும்.

'பண்ணாடி' என்பதும் அப்படித்தான். எங்க அப்பா காலம் வரைக்கும் தோட்டக்காரரை வேறு எப்படியும் கூப்பிட முடியாது. எங்கள் வயசுக்காரர்கள்தான் அதை விட்டுவிட்டு 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தோம். "வாங்கண்ணா, சொல்லுங்கண்ணா." மரியாதையாகத்தான் கூப்பிட்டோம். அதற்கு வந்த பேச்சு: "வளவுப் புள்ளைகளுக்கு வாய் நீண்டு போச்சு." பஸ்ஸில் முகம் தெரியாத எவனையும் அண்ணா என்கிற ஊரில், நாங்கள் அண்ணா என்றால் அது திமிர். ஏனென்றால் 'அண்ணா' என்பது ஒறம்பரைச் சொல். ஒறம்பரை சொல்லிக் கூப்பிடுகிறவளை வாசலில் எத்தனை நாளைக்கு நிற்க வைக்க முடியும்? அவர்களுக்கு அது தெரியும்.

அடுத்தது 'ஊர்'. இதைவிடச் சாதாரணமான சொல் தமிழில் உண்டா? சொந்த ஊர், பொறந்த ஊர் என்று எத்தனை பாட்டு, எத்தனை கதை! ஆனால் எங்க அவ்வா, தான் பிறந்து வளர்ந்து கிழவியான இடத்திலேயே இருந்துகொண்டு, "ஊருக்குள்ள போயிட்டு வந்தர்றேன்" என்று சொல்லும். அரை பர்லாங் நடந்தால் ஊர். அந்த அரை பர்லாங்குக்கு இந்தப் பக்கம் இருப்பதால் நாங்கள் ஊர் இல்லை. ஊர்க்கூட்டம் என்றால் அதில் நாங்கள் கிடையாது. ஊர்க்கிணறு என்றால் அது எங்களுக்குக் கிடையாது. ஊர்க்கோயில் தேர் எங்கள் பக்கம் திரும்பாது. ஊரில் எழவு விழுந்தால் மட்டும் சேதி சொல்லப் போக எங்க தாத்தா வேண்டும். பட்டா, ஓட்டர் லிஸ்ட், பஞ்சாயத்துக் கணக்கு எல்லாவற்றிலும் நாங்களும் அந்த ஊர்தான். பேச்சில் மட்டும் இல்லை. பேச்சில் இல்லாதவர்களுக்குப் பட்டாவில் இடம் இருந்து என்ன பண்ணுவது?

'பொது' என்பதும் இதே கதிதான். பொதுமக்கள், பொதுவழி, பொதுக்குழாய், பொதுச்சுடுகாடு. தினசரிப் பேப்பரை எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு ஒரு வழி கேட்டுப் போராடினால் "ஆதிதிராவிட மக்கள் போராட்டம்" என்று வரும். அந்த வழியை மறித்து நின்றால் "ஊர்ப் பொதுமக்கள் எதிர்ப்பு" என்று வரும். மறிக்கிறவர்களுக்குச் சாதி இல்லை. அவர்கள் பொதுமக்கள். வழி கேட்கிறவர்களுக்குத்தான் சாதி.

2018 ஜூலையில் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சத்துணவு சமைக்க வந்த பெண் அருந்ததியர் என்பதற்காகச் சாதி இந்துக்கள் எதிர்த்து நின்றார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அந்த அம்மாவையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அமைப்புகள் போராடிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. இந்த மாதிரி நடக்கும்போதெல்லாம் "பெற்றோர்கள் எதிர்ப்பு" என்று ஒரு வரி கண்ணில் படும். எங்க புள்ளைகளும் சத்துணவுதான் சாப்பிடுகின்றன. அதுகளைப் பெற்றவர்கள் பெற்றோர் இல்லையா? அவர்கள் எப்போது எதிர்த்தார்கள்? பெற்றோர் என்கிற சொல்லுக்குள்ளேயே எங்களுக்கு இடம் கிடையாது என்றால், நாங்கள் என்ன புள்ளைகளை ஆற்றங்கரையில் பொறுக்கி எடுத்தோமா?

பெயர் வைக்கிற விசயத்துக்கு வருவோம். ஊர் இல்லாத எங்களுக்கு ஊர் வைத்த பேர்கள் எத்தனை! 1932இல் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு காந்தியார் ஹரிஜன சேவா சங்கம் கண்டார். 1933இல் 'ஹரிஜன்' பத்திரிகை வந்தது. கடவுளின் மக்கள் என்று அர்த்தமாம். அப்படியானால் மற்றவர்கள் யாருடைய மக்கள் என்று அன்றைக்கே எங்கள் ஆட்கள் கேட்டார்கள். 1938இல் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு சட்டத் திருத்தத்தில் அந்தச் சொல்லைப் போட்டபோது பாபாசாகேப் அம்பேத்கர் தன் கட்சிக்காரர்களோடு வெளியேறினார். 1982இல் மத்திய உள்துறை, சாதிச் சான்றிதழில் அந்தச் சொல்லைப் போடாதீர்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2017இல் அது இழிவுபடுத்துகிற சொல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1938க்கும் 2017க்கும் நடுவில் 79 வருசம். நாங்கள் 'வேண்டாம்' என்று சொன்னது ஒரு கோர்ட்டுக் காதில் விழ அவ்வளவு நாள் ஆகிறது. இன்னும்கூட "அரிசனப் பசங்க" என்று ஆசையோடு சொல்கிற பெரியவர்கள் எங்க பக்கம் உண்டு. காந்தி வைத்த பேர்தானே, கோவிச்சுக்கறீங்களே என்பார்கள்.

நாங்களாகக் கேட்டு வாங்கிய பேரும் உண்டு. 1922இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பஞ்சமர் முதலான பழைய பேர்களை மாற்றி ஆதிதிராவிடர் என்று அரசாங்கத்தை எழுத வைத்தார். அதற்கும் முன்னால் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார். எதைச் சொல்லித் திட்டினார்களோ அதையே எடுத்து நெற்றியில் எழுதிக்கொண்டு எதிரே நின்றார். அதே பெயரை இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டு போய், தள்ளி வைக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தில் அகராதியில் போட்டுக்கொண்டான். இன்றைக்கும் உலகச் செய்தியில் ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கினால் 'பரியா' என்று எழுதுகிறான். எழுதுகிற எவனுக்கும் அது உயிரோடு இருக்கிற ஒரு சனத்தின் பேர் என்று உறைப்பதே இல்லை.

'தலித்' என்பதும் நாங்கள் எடுத்துக்கொண்ட சொல்தான். 1972இல் மராட்டியத்துச் சிறுத்தைகள் அதைக் கொடியாகப் பிடித்தார்கள். அந்தச் சொல் இந்தப் பத்திரிகை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை தொலைக்காட்சிகளுக்கு எழுதியது: தலித் என்று சொல்லாதீர்கள், பட்டியல் சாதி என்று சொல்லுங்கள். அவர்கள் வைத்த பேரை நாங்கள் மாற்றச் சொன்னால் அரை நூற்றாண்டு. நாங்கள் வைத்துக்கொண்ட பேரை மாற்ற ஒரு கடிதம்.

சான்றிதழுக்கு வருகிறேன். அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2009இல் வந்தது. அதில் ஏழு பேர்கள். அருந்ததியர், ஆதி ஆந்திரர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, சக்கிலியன். கடைசிப் பேரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையிலேயே சக்கிலியன், பறையன், பள்ளன் என்று 'ன்' விகுதியில்தான் அச்சடித்தார்கள். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'கொங்கு வெள்ளாளர்' என்று 'ர்' போட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே மட்டும் 'ன்'. எங்க சொந்தத்தில் ஒரு பையன் சான்றிதழ் வாங்கப் போனான். வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இந்த 'ன்' எதுக்குங்க?" என்று கேட்டான். "லிஸ்ட்ல அப்படித்தாம்ப்பா இருக்குது" என்று பதில் வந்தது. உண்மைதான். லிஸ்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் லிஸ்ட்டு வானத்திலிருந்து விழவில்லை. 2021இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு ஏழு பேர்களைச் சேர்த்து 'தேவேந்திரகுல வேளாளர்' என்று மாற்றியது. ஆக மாற்ற முடியும். மனசு வைத்தால் ஒரு கூட்டத்தொடர் போதும். 'ன்'னை எடுத்துவிட்டு 'ர்' போடுங்கள் என்கிற கோரிக்கை இன்னும் பல பேருக்கு அப்படியேதான் நிற்கிறது.

'காலனி'யைச் சொல்லாமல் விட முடியாது. கோயமுத்தூரில் சாய்பாபா காலனி இருக்கிறது. "நான் சாய்பாபா காலனிங்க" என்று சொன்னால் எதிரே இருப்பவர் நாற்காலி இழுத்துப் போடுவார். நான் வெறும் "காலனிங்க" என்றால் இருக்கிற நாற்காலியும் நகர்ந்துவிடும். முன்னால் ஒரு சாமி பேரோ தலைவர் பேரோ ஒட்டாமல் தனியாக நின்றால் காலனி என்பது சாதிப் பேர். வெள்ளைக்காரன் அடிமை நாடுகளுக்கு வைத்த சொல் எங்கள் வளவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது பொருத்தம்தான். 2025 ஏப்ரல் 29ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில், இந்தச் சொல் வசவாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல காரியம். எங்க புள்ளைகளின் விலாசத்தில் அது இனி வராமல் இருந்தால் சந்தோசம்தான். ஆனால் மழை பெய்தால் தண்ணி வந்து நிற்கிற பள்ளம் அதே பள்ளம்தான். சுடுகாட்டுக்குத் தனிப்பாதை அதே பாதைதான். 'நகர்' என்று போர்டு வைத்தால், "எந்த நகருங்க, அந்தப் புது நகரா?" என்று கேட்கக் கற்றுக்கொள்வார்கள். சாதி எந்தச் சொல்லிலும் குடிவரும்; வாடகை கேட்பதில்லை.

வாடகை என்றதும் வீடு தேடிய கதை ஞாபகம் வருகிறது. அதற்கு முன்னால் கம்பெனிக் கதை.

அருள்புரம் பக்கம் ஒரு கம்பெனியில் நான் முதல்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது பதினாறு வயசு. சூப்பர்வைசர் நல்ல மனுசன். "வா அம்மிணி, சாப்பிட்டயா?" என்றுதான் ஆரம்பித்தார். கொங்குத் தமிழில் அம்மிணி என்பது வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல். எனக்குப் பெருமையாக இருந்தது.

"எந்தூரு அம்மிணி?"

ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"அட, நம்ம ஊர்ப்பக்கம். ஊர்ல எங்க? கோயிலுக்கு அக்கட்டயா இக்கட்டயா?"

வளவு என்று சொன்னேன். "ஓ... செரி செரி" என்றார். அவ்வளவுதான். அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. மத்தியானம் டேபிளுக்கு வந்தவர், "ஏ புள்ள, அந்த டஜனை எடுத்து வை" என்றார். காலையில் அம்மிணியாக இருந்த நான் மத்தியானம் புள்ளையாகிவிட்டேன். நான் சொல்கிற 'ங்க' நின்று போகும் இடம் இதுதான். அங்கே சுவர் இல்லை, போர்டு இல்லை. "ஊர்ல எங்க?" என்கிற ரெண்டு வார்த்தைதான் இருக்கிறது.

திருப்பூரில் இந்தக் கேள்விக்குப் பல வேசம். "யாரூட்டுப் புள்ள நீ?" "உங்களுக்குக் குலசாமி எதுங்க?" "நம்மவங்களா?" "உங்க அப்பாரு பேரு என்னங்க?" சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். அது அநாகரிகம். சுற்றி வளைத்து வேலியை மட்டும் தொட்டுப் பார்ப்பார்கள். டீக்கடையில்கூட இப்போது தனி டம்ளர் என்று யாரும் ஆணியில் மாட்டி வைப்பதில்லை. எங்க ஊர் முக்கில் ஒரு கடையில் மற்றவர்களுக்குக் கேட்காமலே கண்ணாடி டம்ளரில் வரும். எங்களிடம் மட்டும், "உங்களுக்குப் பேப்பர் கப்புங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். சுகாதாரமாம்.

இனி வீடு. கல்யாணமாகி ரெண்டு புள்ளைகள் ஆன பிறகு கம்பெனிக்குப் பக்கத்தில் லைன் வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரம்மா வீட்டைத் திறந்து காட்டி, தண்ணி வருகிற நேரமெல்லாம் சொல்லி, அட்வான்சும் வாங்கிக்கொண்டார். ரெண்டு நாள் கழித்து கூப்பிட்டு அனுப்பினார். பணத்தை அப்படியே மடித்துக் கையில் கொடுத்தார்.

"நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லீங்க. இந்தக் காலத்துல யாருங்க அதெல்லாம் பாக்கறாங்க? பக்கத்து ஊட்டுக்காரங்கதான் ஒரு மாதிரி..."

பக்கத்து வீட்டிலும் முன்னாடி ஒரு தடவை கேட்டிருந்தோம். அவர்களும் சாதி பார்க்கிறதில்லை. அவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஒரு மாதிரி. அந்தத் தெருவில் பதினாலு வீடு. ஒருத்தரும் சாதி பார்ப்பதில்லை. எங்களுக்கு வீடும் கிடைக்கவில்லை.

"நான் சாதி பாக்கறதில்லீங்க." தமிழில் எனக்கு மிக எரிச்சலான வாக்கியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கிறார், பார்க்கப்படுகிறவர் ஒருத்தர் இருக்கிறார் என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நான் போய் ஒரு கவுண்டர் வீட்டு வாசலில் நின்று, "பரவாயில்லீங்க, நான் சாதி பாக்கறதில்லீங்க, உங்க வீட்ல தண்ணி குடிக்கறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிரிப்பார்கள், இல்லாவிட்டால் அடிப்பார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்கிற உரிமை ஒரு பக்கத்துக்குத்தான் உண்டு. சாதியே பார்க்காத அந்த வாக்கியத்துக்கும் சாதி இருக்கிறது.

மில்லுகளுக்குள் ஒரு சொல் வந்தது. 'சுமங்கலி'. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஸ்பின்னிங் மில்களில் வயசுப் பெண்களை மூணு வருசத்துக்கு எடுப்பார்கள். ஹாஸ்டலில் வைத்து, தினமும் கொஞ்சம் கூலி கொடுத்து, மூணு வருசம் முடிந்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவதாகச் சொல்வார்கள். கல்யாணச் செலவுக்காம். வெளியே போக முடியாது, சங்கம் சேர முடியாது. 'பயிற்சியாளர்' என்று எழுதிக்கொண்டால் முழுக் கூலி தர வேண்டியதில்லை. போனவர்களில் பெரும் பங்கு எங்க சனம், ஏழைப்பட்ட சனம். 1961லேயே வரதட்சணையைச் சட்டம் தடை செய்துவிட்டது. அந்த வரதட்சணைக்குச் சேர்த்து வைக்கிறோம் என்று சொல்லியே ஆள் பிடித்தார்கள். அதற்கு வைத்த பேர் மஞ்சளும் குங்குமமும் மணக்கிற பேர். அதே ஏற்பாட்டுக்கு இன்னொரு பேர் 'கேம்ப் கூலி'. அந்தப் பேரில் மணம் இல்லை, உண்மை இருந்தது. எங்க வளவிலிருந்து ஒரு பொண்ணு போனது. ரெண்டாவது வருசம் இருமலோடு திரும்பி வந்தது. மூணு வருசம் முடிக்கவில்லை, அதனால் மொத்தப் பணம் கிடையாது என்றார்கள். பஞ்சுத் தூசியை மட்டும் கொண்டுவந்தது. மங்கலமான சொல்லைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

சொல்லை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு எங்க மாவட்டத்திலேயே ஒரு பதில் உண்டு. 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம், பட்டப்பகலில், நூறு பேர் பார்க்க, சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவையும் வெட்டினார்கள். அவர் பிழைத்தார். சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம். அப்போதெல்லாம் இதைப் பல பேர் 'கௌரவக் கொலை' என்றுதான் எழுதினார்கள். கௌரவம்! வெட்டினவனுக்குக் கௌரவம், வெட்டுப்பட்டவனுக்கு? அந்தச் சொல் முதலிலேயே தீர்ப்பை எழுதிவிடுகிறது. குடும்பத்தில் எதோ ஒரு கௌரவம் இருந்தது, அது போனது, அதனால் கொன்றார்கள் என்று கொலைகாரன் சொல்ல வேண்டியதை நாமே அவனுக்காகச் சொல்லிக்கொடுக்கிறோம். இயக்கத் தோழர்கள் பிடிவாதமாக 'ஆணவக் கொலை' என்று சொன்னார்கள். மேடையில், நோட்டீசில், சுவரில் அதையே எழுதினார்கள். இன்றைக்கு பேப்பர், டிவி, சட்டமன்றம் எல்லாவற்றிலும் அதுதான் சொல். 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட்டு ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பெண்ணின் அப்பாவை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேருக்கும் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பு மேலே போகும், கீழே வரும். ஆனால் 'கௌரவம்' என்ற சொல்லை அவர்களிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது. அதை எந்த அப்பீலிலும் திருப்பி வாங்க முடியாது.

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். நம் பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். அருந்ததியர் உள் ஒதுக்கீடு கேட்டபோது எங்களைப் பார்த்து 'வந்தேறி' என்று சொன்னவர்கள் ஆதிக்க சாதிக்காரர்கள் மட்டுமில்லை. பக்கத்து வளவுக்காரர்களும் சொன்னார்கள். எங்க வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறோமாம், ஆகவே நாங்கள் இந்த மண் இல்லையாம். இந்த மண்ணில் ஏற்றம் இறைத்து, தோல் பதனிட்டு, சால் தைத்து, சாக்கடை அள்ளினது யார்? 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சொல்லுக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியது நாம்தான்.

இன்னொன்று 'வடக்கன்'. இன்றைக்குத் திருப்பூர் ஒரிசாக்காரர், பீகார்க்காரர், ஜார்க்கண்டுக்காரர் இல்லாமல் ஓடாது. எங்க செக்கிங் டேபிளில் பாதிப் பேர் அந்தப் பெண்கள். கையில் துணியோடு நிற்கிற அந்தப் பொண்ணுகளை, "அந்த வடக்கச்சி" என்று எங்க வளவுப் பையன் ஒருத்தன் சொன்னான். நான் அவனிடம் சொன்னேன்: "உன் சர்டிபிகேட்டில் இருக்கிற 'ன்'னை எடுக்கச் சொல்லி நீ மனு கொடுக்கறே. அந்த 'ன்'னைக் கொண்டு போய் அவங்க பேர்ல ஒட்டறயா?" அவர்களில் எத்தனை பேர் எங்களைப் போல ஊருக்கு வெளியே இருந்து வந்தவர்கள், எத்தனை பேர் காட்டை இழந்து வந்த பழங்குடிகள் என்று ஒருத்தரும் விசாரிப்பதில்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது மூட்டையோடு ரயிலடிக்கு ஓடினவர்கள் உண்டு. வீடியோ பொய். ஆனால் அந்தப் பயத்துக்குத் தினம் தினம் தண்ணி ஊற்றி வளர்த்தது 'வடக்கன்' போன்ற சொற்கள்தான்.

அப்படியானால் என்ன செய்வது? கோர்ட்டுக்குப் போக முடியாத இந்தச் சொற்களை அந்தந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்பதுதான் வழி. என் மகள் காலேஜில் படிக்கிறாள். அவளிடம் யாராவது "ஊர்ல எங்க?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே, "நீங்க ஊர்ல எங்கீங்க?" என்று திருப்பிக் கேட்கிறாள். கேட்டவர் தடுமாறுகிறார். தன்னை யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. "நாங்க சாதி பாக்கறதில்லீங்க" என்றால், "அப்பச் சாவியக் குடுங்க" என்று கையை நீட்டச் சொல்கிறேன். "பொதுமக்கள் எதிர்ப்பு" என்று எழுதுகிற பத்திரிகைக்கு, "எந்தச் சாதிப் பொதுமக்கள்?" என்று கடிதம் எழுதச் சொல்கிறேன். இதனால் நாளைக்கே வீடு கிடைத்துவிடாது. ஆனால் மரியாதை என்ற பேரில் எங்களைத் தள்ளி நிறுத்துகிற வேலை இனிச் சத்தமில்லாமல் நடக்காது.

இந்தச் சொற்கள் பல்லடத்துக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. தஞ்சாவூரில், நெல்லையில், வடார்க்காட்டில் வேறு சொற்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். உங்க ஊரில் எந்தச் சொல்லில் மரியாதை நின்று போகிறது என்று எழுதுங்கள். சொன்ன இடம், சொன்ன விதம், அதற்கு நீங்கள் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதுங்கள். பதில் சொல்லாமல் வந்திருந்தால் என்ன சொல்லியிருக்கலாம் என்று எழுதுங்கள். அடுத்த தடவை கேட்கிறபோது நம் புள்ளைகளிடம் பதில் தயாராக இருக்கட்டும்.